அடிவானத்துக்கு அப்பால் பார்க்கும் ரேடாரும் அதன் கிளட்டரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்னணுவியல் மாணவர்களும் ஹாம் ரேடியோக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருப்பதைப் பார்க்கும் ரேடாரில் வேண்டாத எதிரொலியை, அதாவது கிளட்டரை, அடாப்டிவ் பீம்ஃபார்மிங் (பல ஆன்டெனாக்களின் சிக்னலை நிலைமைக்கேற்ப மாற்றிமாற்றிக் கூட்டும் முறை) எந்த அளவுக்குக் குறைக்கும், எங்கே கைவிட்டுவிடும் என்பதுதான் பேச்சு. கணக்கை முடிந்தவரை வார்த்தையில் சொல்லியிருக்கிறேன். பள்ளி இயற்பியலும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

எந்த ரேடாரைப் பற்றிப் பேசுகிறோம்?

விமான நிலையத்தில் சுழல்கிற ரேடார் இல்லை. அந்த வகை ரேடாரின் அலை நேர்கோட்டில் போகும், பூமியோ வளைந்திருக்கிறது. 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தையே தரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டருக்கு மேல் அதனால் பார்க்க முடியாது. கடல்மட்டத்தில் போகும் கப்பல் என்றால் சில பத்து கிலோமீட்டரோடு சரி.

நாம் பேசுவது ஷார்ட்வேவ் அதிர்வெண்களில், அதாவது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸுக்குள், இயங்கும் ரேடார். அலையை மேலே அனுப்புவார்கள். அயனமண்டலம் அதைக் கீழே வளைத்து 1,000 முதல் 3,000 கிலோமீட்டர் தூரத்தில் இறக்கும். அங்கே பட்டுச் சிதறியது அதே வழியில் திரும்பி வரும். ஆஸ்திரேலியாவின் ஜிண்டலீ ரேடார் வலையமைப்பு இதற்கு நல்ல உதாரணம். 1970களில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அருகே சோதனையாகத் தொடங்கியது, இன்று குயின்ஸ்லாந்தின் லாங்ரீச், மேற்கு ஆஸ்திரேலியாவின் லாவர்ட்டன் என்று மூன்று இடங்களிலிருந்து நாட்டின் வடக்கையும் மேற்கையும் கவனிக்கிறது. அனுப்பும் நிலையமும் வாங்கும் நிலையமும் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளித்தள்ளி இருக்கும். இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே இருப்பதால், பக்கத்தில் வைத்தால் வாங்கும் நிலையத்தின் காது அடைத்துப்போகும்.

இதில் கிளட்டர் என்பது எது?

தரையிலும் கடலிலும் பட்டுத் திரும்பி வருவது எல்லாமே. மேலிருந்து இறங்கும் அலை விமானத்தின் மேல் மட்டுமா விழுகிறது? அதன் கீழே இருக்கிற மொத்தக் கடல்பரப்பின் மேலும் விழுகிறது.

அளவைப் பார்த்துவிடலாம். வாங்கும் ஆன்டெனா வரிசையின் நீளம் சுமார் 3 கிலோமீட்டர், அதிர்வெண் 15 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பீமின் அகலம் 0.4 பாகைக்கும் சற்றுக் குறைவு. 2,000 கிலோமீட்டர் தள்ளி அது 13 கிலோமீட்டர் அகலமாகிவிடும். தூரத்தைப் பிரித்துப் பார்க்கும் திறன், 10 கிலோஹெர்ட்ஸ் பட்டையகலத்துக்கு, 15 கிலோமீட்டர். ஆக, ரேடாரின் ஒரே ஒரு கட்டத்துக்குள் ஏறக்குறைய 200 சதுர கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. அதன் நடுவே ஒரு விமானம். கடலின் எதிரொலி விமானத்தினுடையதைவிட 40 டெசிபெல் முதல் 80 டெசிபெல் வரை பெரிதாக இருக்கும். அதாவது பத்தாயிரம் மடங்கிலிருந்து பத்துக் கோடி மடங்கு வரை.

அப்படியானால் விமானம் எப்படித்தான் தெரிகிறது?

டாப்ளரால், அதாவது நகரும் பொருளின் எதிரொலியில் அதிர்வெண் சற்று மாறுவதால். மணிக்கு 720 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 200 மீட்டர், வேகத்தில் ரேடாரை நோக்கி வரும் விமானம் 15 மெகாஹெர்ட்ஸில் எதிரொலியை 20 ஹெர்ட்ஸ் நகர்த்திவிடும். தரை நகராது, அது பூஜ்யத்தில் நிற்கும். கடல் மட்டும் கொஞ்சம் வேடிக்கை. ரேடார் அலைநீளத்தில் பாதி நீளமுள்ள கடலலைகள்தான் வலுவாகத் திருப்பி அனுப்பும் என்று 1955-இல் நியூசிலாந்தைச் சேர்ந்த கிராம்பி காட்டினார். 20 மீட்டர் ரேடார் அலைக்கு 10 மீட்டர் கடலலை. அப்படிப்பட்ட கடலலை நொடிக்கு ஏறக்குறைய 4 மீட்டர் ஓடும். அதனால் கடலின் எதிரொலி பூஜ்யத்துக்கு இருபுறமும் 0.4 ஹெர்ட்ஸில் இரண்டு கூர்மையான கோடுகளாக வரும்.

20 ஹெர்ட்ஸும் 0.4 ஹெர்ட்ஸும் எவ்வளவு விலகியிருக்கின்றன பாருங்கள். இரண்டு மூன்று நொடி எதிரொலியைச் சேர்த்து அதிர்வெண்வாரியாகப் பிரித்தாலே விமானம் தனியாக நின்றுவிடும். கப்பல் அப்படியில்லை. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகும் கப்பலின் டாப்ளர் 0.5 ஹெர்ட்ஸ், கடல்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அதனால் கப்பலுக்கு 20, 30 நொடி என்று நீளமாகச் சேர்க்க வேண்டும், அயனமண்டலமும் அவ்வளவு நேரம் அசையாமல் இருந்துகொடுக்க வேண்டும். அது எப்போதும் இருந்துகொடுக்காது.

டாப்ளரே வேலையை முடித்துவிடுகிறது என்றால் பீம்ஃபார்மிங்கைப் பற்றி ஏன் இத்தனை பேச்சு?

மேலே சொன்னது எல்லாம் அயனமண்டலம் நல்ல பிள்ளையாக இருக்கும் நாளுக்கு. அது ஒரு வழுவழுப்பான கண்ணாடி இல்லை, எலக்ட்ரான்களின் மேகம். அதில் கட்டிகளும் குழிகளும் உண்டாகி வேகமாக நகரத் தொடங்கினால், அவற்றின் வழியே போய்வரும் தரை எதிரொலியும் டாப்ளரில் சிதறும். பூஜ்யத்தில் ஒரு கோடாக நின்றது பத்து, இருபது ஹெர்ட்ஸுக்குப் பரந்து, விமானம் இருக்கும் இடத்தையே மூடிவிடும். ஸ்ப்ரெட் டாப்ளர் கிளட்டர் என்பது இதைத்தான். ஓடிஎச் ரேடார் என்று துறைக்காரர்கள் சுருக்கிச் சொல்லும் இந்த வகை ரேடாருக்கு இதைவிடப் பெரிய தலைவலி கிடையாது.

இது உருவாகும் இடங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று துருவ ஒளி தோன்றும் வளையம். காந்தப்புலக் கோடுகளை ஒட்டி நீண்ட எலக்ட்ரான் கட்டிகள் அங்கே நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர், சில வேளை ஒரு கிலோமீட்டருக்கும் மேல், ஓடும். மற்றொன்று காந்த நடுக்கோட்டின் இருபுறமும் உள்ள பட்டை. சூரியன் மறைந்த பின் அயனமண்டலத்தின் அடிப்பகுதி சீக்கிரம் கரைந்துவிட, மேலே கனமும் கீழே லேசுமாக நிலைகுலைந்து, எலக்ட்ரான் குறைந்த குமிழிகள் மேலே எழும். பெருவின் உவான்காயோ நிலையத்தின் பதிவுகளை வைத்து புக்கரும் வெல்ஸும் 1938-இலேயே இதன் அடையாளத்தை எழுதிவைத்தார்கள்.

தென்னிந்தியா இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான். காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவிலிருந்து 1963 நவம்பரில் முதல் ராக்கெட் விட்டதற்குக் காரணமே அதுதான். திருநெல்வேலி அருகே இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதற்கும் அதே காரணம்தான். ராத்திரி எட்டு மணிக்கு மேல் நம் தலைக்கு மேலே எழும் குமிழிகள் வானொலி அலைகளுக்கு என்ன செய்கின்றன என்பது நம் ஊர் ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகளாகப் பார்த்துவரும் விஷயம். இதே குமிழிப் பட்டைதான் வடக்கே, இந்தோனேசியா பக்கம் பார்க்கும் ஆஸ்திரேலிய ரேடாரின் பார்வைக்குள்ளும் வருகிறது.

ஒரு சின்ன வேடிக்கை. துருவ ஒளி வளையத்திலிருந்து வரும் இதே எதிரொலியைத்தான் சூப்பர்டார்ன் என்ற பன்னாட்டு ரேடார் வலையமைப்பு தேடித்தேடிப் பிடிக்கிறது. மேலே பிளாஸ்மா எப்படி ஓடுகிறது என்று படம் வரைய அவர்களுக்கு அது வேண்டும். நமக்குத் தொல்லை, அவர்களுக்குச் சோறு.

சரி, பீம்ஃபார்மிங் என்றால் என்ன?

வரிசையாக நிற்கும் நூற்றுக்கணக்கான ஆன்டெனாக்களில் ஒரே அலை சற்றுமுன்பின் நேரத்தில் வந்து சேரும். எந்தத் திசையைப் பார்க்க வேண்டுமோ அந்தத் திசையிலிருந்து வரும் அலை எல்லாவற்றிலும் ஒரே ஃபேஸில், அதாவது ஏற்ற இறக்கம் ஒத்து, வந்ததுபோல் தாமதத்தைச் சரிசெய்து கூட்டுவதுதான் பீம்ஃபார்மிங். தேர்வடம் பிடிப்பதுபோல, எல்லோரும் ஒரே மூச்சில் இழுத்தால் தேர் நகரும், ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் அசையாது. பார்க்கும் திசையிலிருந்து வருவது கூடிப் பெருகும், மற்றத் திசைகளிலிருந்து வருவது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சிறுக்கும்.

சிறுக்கும் என்றுதான் சொன்னேன், மறையும் என்று சொல்லவில்லை. சைட்லோப்கள் என்ற மிச்சம் எப்போதும் இருக்கும். எல்லா ஆன்டெனாவுக்கும் சம எடை, அதாவது கூட்டும்போது சம பங்கு, கொடுத்தால் முதல் சைட்லோப் முக்கியப் பீமுக்கு 13 டெசிபெல்தான் கீழே இருக்கும்.

ஓரத்து ஆன்டெனாக்களின் எடையைக் குறைத்தால் சைட்லோப் இன்னும் இறங்குமே?

இறங்கும். 30, 40 டெசிபெல் வரை கீழே தள்ளலாம். பதிலுக்குப் பீம் அகலமாகும். அதைவிடப் பெரிய சங்கடம், ஏட்டில் 50 டெசிபெல் என்று வரும் வடிவம் வெயிலிலும் மழையிலும் நிற்கும் 3 கிலோமீட்டர் வரிசையில் அப்படியே வந்துவிடாது. கேபிளின் நீளம், தரையின் ஈரம், பழுதான ரிசீவர் என்று சின்னச்சின்னப் பிழைகள் சேர்ந்து ஒரு அளவுக்குக் கீழே இறங்கவிடாது.

கணக்குக்காக ஒன்றை வைத்துக்கொள்வோம். பார்க்கும் திசைக்கு 15 பாகை தள்ளி ஒரு குமிழிக் கூட்டம், அதன் வழியே சிதறி வரும் கிளட்டர் இரைச்சலைவிட 50 டெசிபெல் மேலே. சைட்லோப் 35 டெசிபெல் கீழே. மிச்சம் 15 டெசிபெல் கிளட்டர், இரைச்சலுக்கு மேலே, விமானம் தேடும் அதே டாப்ளர் இடத்தில். சுமாரான விமானம் ஒன்று அதில் மூழ்கிவிடும்.

அடாப்டிவ் என்ற சொல் சேரும்போது என்ன மாறுகிறது?

எல்லாத் திசைகளிலும் ஒரேமாதிரி அமுக்குவதை விட்டுவிட்டு, தொல்லை எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அங்கே மட்டும் ஆழமாகப் பள்ளம் வெட்டுகிறது. அது எந்தத் திசை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வந்திருக்கும் சிக்னலிலிருந்தே தெரிந்துகொள்கிறது.

தெரிந்துகொள்ளும் விதம் இப்படி. ஒவ்வொரு ஜோடி ஆன்டெனாவிலும் தொல்லை எந்த அளவுக்கு ஒத்து வருகிறது என்று பல மாதிரிகளை வைத்துச் சராசரி எடுத்து ஓர் அட்டவணையில் நிரப்புவார்கள். அதற்குக் கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸ் என்று பெயர். அந்த மேட்ரிக்ஸின் தலைகீழை, பார்க்க வேண்டிய திசையின் ஃபேஸ் வெக்டரோடு (அங்கிருந்து வரும் அலை ஒவ்வொரு ஆன்டெனாவிலும் எந்த ஃபேஸில் இருக்கும் என்ற பட்டியல்) பெருக்கினால் எடைகள் கிடைத்துவிடும். "இந்தத் திசையின் பெருக்கம் ஒன்று, அது மாறக்கூடாது. மற்றபடி வெளியே வரும் மொத்தச் சக்தியை எவ்வளவு குறைக்க முடியுமோ குறை" என்ற கட்டளைக்கு வரும் விடைதான் அது.

இதன் வேர்கள் பழையவை. அமெரிக்காவில் ஹவல்ஸும் ஆப்பிள்பாமும் 1950களிலும் 60களிலும் ரேடார் குழப்பிகளை எதிர்க்க இதைச் செய்தார்கள். கேப்பன் 1969-இல் நிலநடுக்கக் கருவி வரிசைகளுக்காக மேலே சொன்ன கட்டளை வடிவத்தை எழுதினார். பிரென்னனும் ரீடும் 1973-இல் ரேடாருக்கான கோட்பாட்டை முறையாகக் கட்டினார்கள். கணிதம் ஐம்பது ஆண்டாகத் தயாராக இருக்கிறது. மிச்சக் கஷ்டம் எல்லாம் அதற்கு ஊட்டும் மாதிரிகளில்தான்.

மாதிரிகளில் அப்படி என்ன கஷ்டம்?

ரீட், மாலட், பிரென்னன் மூவரும் 1974-இல் ஒரு விதி சொன்னார்கள். எத்தனை எடைகளை மாற்ற விரும்புகிறோமோ, ஏறக்குறைய அதன் இரு மடங்கு மாதிரிகள் வேண்டும். அப்போதுதான் இருக்கக்கூடிய சிறந்த பலனுக்கு 3 டெசிபெலுக்குள் வரலாம். அந்த மாதிரிகள் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும், எல்லாவற்றிலும் தொல்லையின் குணம் ஒன்றாக இருக்க வேண்டும்.

லாங்ரீச்சின் வாங்கும் வரிசையில் 480 ஆன்டெனா. அத்தனையையும் தனித்தனியே மாற்றினால் 960 மாதிரி வேண்டும். 1,000 கிலோமீட்டர் ஆழமுள்ள பகுதியை 15 கிலோமீட்டர் துண்டுகளாகப் பார்த்தால் கிடைப்பது 66 துண்டு. அந்த 66-இலும் கிளட்டர் ஒன்றுபோல் இருக்காது. அருகில் இருப்பது ஒரு அடுக்கில் பட்டு வருகிறது, தூரத்தில் இருப்பது வேறு அடுக்கில். பக்கத்து டாப்ளர் கட்டங்களையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் சிதறிய கிளட்டர் ஒவ்வொரு டாப்ளரிலும் ஒவ்வொரு திசையிலிருந்து வரக்கூடும். காரணம், வெவ்வேறு வேகத்தில் நகரும் கட்டிகள் வெவ்வேறு இடத்தில் இருக்கின்றன. மாதிரியைக் கூட்டினால் கலப்படம், குறைத்தால் பஞ்சம்.

அதனால் நடைமுறையில் 480 எடைகளை யாரும் தொடமாட்டார்கள். முதலில் சாதாரணப் பீம்களை உண்டாக்கிவிட்டு, பார்க்கும் பீமையும் அதன் சுற்றுப்பட்ட பதினைந்து பீம்களையும் மட்டும் எடுத்து, அந்த 16-ஐக் கொண்டு பள்ளம் வெட்டுவது ஒரு வழி. 32 மாதிரி போதும். ஆன்டெனாக்களைக் குழுக்களாகச் சேர்த்து ஒவ்வொரு குழுவையும் ஒன்றாகப் பாவிப்பது இன்னொரு வழி. கூடவே மேட்ரிக்ஸின் மூலைவிட்டத்தில் வேண்டுமென்றே கொஞ்சம் செயற்கை இரைச்சலைச் சேர்ப்பார்கள். டயகனல் லோடிங் என்பது இதுதான். பள்ளத்தின் ஆழம் சற்றுக் குறையும், ஆனால் மாதிரி போதாமல் பீமின் வடிவம் கோணல்மாணலாகப் போவது நிற்கும். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் செலவுக்கு மிஞ்சிய பலன் தரும் ஒற்றை வரி நிரல் இதுதான். லோடிங் இல்லாமல் வரும் அழகான முடிவுகளைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

இலக்கையே தொல்லை என்று நினைத்து அழித்துவிடாதா?

அழித்துவிடும். ஏட்டில் இல்லை, களத்தில். பார்க்கும் திசையை மாற்றக்கூடாது என்று கட்டளை கொடுத்திருந்தாலும், அலை உண்மையில் வரும் திசை நாம் எதிர்பார்த்த திசையோடு இம்மி பிசகாமல் ஒத்துப்போவதில்லை. அயனமண்டலம் சாய்ந்திருக்கும், ஆன்டெனாப் பிழைகள் இருக்கும். அரைக்கால் பாகை விலகினாலும், வலுவான இலக்கு மாதிரிக்குள் இருந்தால், அதையும் ஒரு தொல்லையாகக் கணக்கில் எடுத்துப் பள்ளம் வெட்டிவிடும்.

தப்பிக்கும் வழி, பார்க்கும் கட்டத்தையும் அதன் அண்டைக் கட்டங்களையும் மாதிரியில் சேர்க்காமல் விடுவது. அதோடு டயகனல் லோடிங் இங்கேயும் கைகொடுக்கும்.

எடைகளை நொடிக்குப் பலமுறை புதுப்பித்துக்கொண்டே இருந்தால் என்ன? அயனமண்டலம்தான் மாறிக்கொண்டே இருக்கிறதே?

நல்ல கேள்வி. புதிதாக இந்தத் துறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இது.

தரைக் கிளட்டர் 60 டெசிபெல் மேலே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டாப்ளர் அதைப் பிரித்துவிடும் என்று நம்புவது, அந்தக் கிளட்டர் இரண்டு நொடியும் சீராக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால். நடுவில் எடைகளை மாற்றினால் கிளட்டரின் அளவும் ஃபேஸும் நம் கையாலேயே ஆட்டப்படும். ஆயிரத்தில் ஒரு பங்கு ஆட்டம் கிளட்டருக்கு 60 டெசிபெல் கீழே ஒரு சிதறலை உண்டாக்கும், அதாவது சரியாக இலக்கு இருக்கும் மட்டத்தில். அயனமண்டலம் செய்யாத குழப்பத்தை நாமே செய்துவிட்டோம்.

இதனால் இரண்டு பாதை பிரிகிறது. தொல்லை ஸ்ப்ரெட் டாப்ளர் கிளட்டராக இருந்தால், முதலில் ஒவ்வொரு ஆன்டெனாவிலும் டாப்ளரைப் பிரித்துவிட்டு, அதன் பிறகு ஒவ்வொரு டாப்ளர் கட்டத்துக்கும் ஒரு எடைத்தொகுதி கணக்கிடலாம். அந்த இரண்டு நொடிக்குள் எடை மாறுவதே இல்லை, ஆகவே ஆட்டமும் இல்லை. தொல்லை வெளியிலிருந்து வரும் வேறொரு நிலையத்தின் ஒலிபரப்பாக இருந்தால் அப்படிச் செய்வது பலிக்காது. அது அயனமண்டலத்தில் பட்டு வரும் திசை அந்த இரண்டு நொடிக்குள்ளேயே அலைபாயும், எடைகள் பின்தொடர்ந்தே ஆக வேண்டும். 1990களில் ஆஸ்திரேலியாவில் யூரி அப்ரமோவிச்சும் சக ஆராய்ச்சியாளர்களும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். எடைகள் மாறலாம், ஆனால் கிளட்டர் அவற்றின் வழியே வெளியே வரும் தொடர்ச்சி மட்டும் குலையக்கூடாது என்று கூடுதல் கட்டுப்பாடு விதித்தார்கள். தொல்லையை விரட்டும் சுதந்திரத்தில் கொஞ்சம் இதற்குச் செலவாகும், அவ்வளவுதான்.

கிளட்டரும் இலக்கும் ஒரே திசையில் இருந்தால்?

ஒன்றும் செய்ய முடியாது. குறைந்தபட்சம் நீளவாக்கில் நிற்கும் ஒற்றை வரிசையால் முடியாது. அது பக்கவாட்டில் மட்டும்தான் பிரிக்கும். மேல்கீழாக, ஏற்றக் கோணத்தில், அதற்குக் கண் தெரியாது.

கனடா போன்ற நாட்டின் பிரச்சினை அசலாக இதுதான். தெற்கே ரேடாரை வைத்து வடக்கே ஆர்க்டிக்கைப் பார்த்தால், துருவ ஒளி வளையம் பார்வைக்குக் குறுக்கே பட்டையாகக் கிடக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் முக்கியப் பீமுக்குள்ளேயே கிளட்டர். செர்னோபில் அருகே நின்று அமெரிக்காவை நோக்கிய சோவியத்தின் டூகா ரேடாரும் ஆர்க்டிக்கைத் தாண்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது. வளையத்தின் கிளட்டர் பெரும்பாலும் 110 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டிய அடுக்கிலிருந்து தாழ்ந்த கோணத்தில் வரும். தூரத்து இலக்கின் எதிரொலி 250, 300 கிலோமீட்டர் உயரத்து அடுக்கில் பட்டு வேறு கோணத்தில் வரும். ஆகவே ஏற்றக் கோணத்தைப் பிரித்தறிய வேண்டும். ஒற்றை வரிசைக்குப் பதில் நீள அகலமாக ஆன்டெனாக்களை வயல்போல் பரப்ப வேண்டும், இரண்டு பரிமாணத்திலும் பள்ளம் வெட்ட வேண்டும். 2025 மார்ச்சில் கனடா 600 கோடி கனடிய டாலருக்கும் மேலான ஆர்க்டிக் ரேடார் திட்டத்தை அறிவித்து, ஆஸ்திரேலியத் தொழில்நுட்பத்தைத் துணைக்கு எடுத்துக்கொண்டது. அங்கே ஜிண்டலீயை அப்படியே பெயர்த்து வைத்தால் போதாது என்பதற்கு முதல் காரணம் இந்த வளையம்தான்.

அனுப்பும் பக்கத்திலும் ஒரு வழி உண்டு. அதற்கு மைமோ என்று பெயர். எல்லா அனுப்பும் ஆன்டெனாக்களும் ஒரே அலையை அனுப்பாமல், ஒவ்வொன்றும் சற்று வேறுபட்ட அடையாளத்தோடு அனுப்பும். வாங்கும் இடத்தில் அடையாளம் வாரியாகப் பிரித்தால், எந்தக் கோணத்தில் கிளம்பிய அலை இது என்று பின்னால் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கலாம். கிளட்டர் உள்ள பகுதிக்குப் போன அலையை அனுப்பிய பிறகே தள்ளிவிட முடியும், அதுவும் ஒவ்வொரு தூரத்துக்கும் வேறுவேறாக. பிரேசர், அப்ரமோவிச், ஜான்சன் ஆகியோர் 2009-இல் இதன் களச்சோதனை முடிவுகளை வெளியிட்டார்கள். இலவசம் இல்லை. சக்தியை ஒரே பக்கம் குவிக்கும் பலன் போய்விடும், அடையாளங்களைப் பிரிக்க டாப்ளர் இடத்தையோ பட்டையகலத்தையோ பங்குபோட வேண்டும்.

கிளட்டர் அதிகம் என்றதும் முதலில் பீம்ஃபார்மரைத்தான் மாற்ற வேண்டுமா?

இல்லை. அதிர்வெண்ணை மாற்றுங்கள்.

அயனமண்டலம் ஒவ்வொரு அதிர்வெண்ணையும் வேறு உயரத்தில், வேறு இடத்தில் வளைக்கிறது. 14 மெகாஹெர்ட்ஸில் குமிழிக்குள் போகும் பாதை 17-இல் அதைத் தாண்டிப் போய்விடலாம். இதற்காகவே இந்த ரேடார்கள் தனியாக அயனமண்டலத்தை அளக்கும் கருவிகளை வைத்து நாள் முழுக்க ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்கும்.

அடுத்தது அலைவடிவம். நொடிக்கு 50 முறை அலை மீண்டும் வந்தால் 3,000 கிலோமீட்டர் வரைதான் தூரத்தைக் குழப்பமில்லாமல் சொல்ல முடியும். 5,000 கிலோமீட்டர் தள்ளி நடுக்கோட்டுப் பக்கம் சிதறியது அடுத்த சுற்றில் வந்து 2,000 கிலோமீட்டரில் இருப்பதுபோல் உட்கார்ந்துகொள்ளும். மீள்வேகத்தைக் குறைக்கலாமே என்றால், 50-இலேயே 15 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு 250 மீட்டர் வரைதான் வேகத்தைச் சரியாகச் சொல்ல முடிகிறது. பயணிகள் விமானமே அந்த வேகத்தைத் தொடும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் அலையைக் கொஞ்சம் மாற்றி அனுப்பி, இப்படி மடங்கி வரும் கிளட்டரை மட்டும் டாப்ளரில் வேறு பக்கம் தள்ளிவிடுவார்கள். இதெல்லாம் செய்தும் மிஞ்சுவதைத்தான் அடாப்டிவ் பீம்ஃபார்மரிடம் கொடுக்க வேண்டும். இந்த வேலைகளின் வரிசையைத் தலைகீழாக்கிச் செய்கிற ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஏராளம், அவற்றில் வரும் டெசிபெல் லாபத்தைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து படிப்பது நல்லது.

மின்னல் இரைச்சலுக்கும் இதே மருந்தா?

ஓரளவுக்கு. ஷார்ட்வேவில் இரைச்சல் பெரும்பாலும் ரிசீவருக்குள் உண்டாவதில்லை, வெளியிலிருந்து வருகிறது. வெப்பமண்டல இடிமழை அதில் பெரும்பங்கு. அதற்குத் திசை உண்டு, ஆகவே பள்ளமும் வெட்டலாம். ஆனால் ஒரு மின்னல் வெட்டு கண்சிமிட்டும் நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்தத் துண்டை மட்டும் வெட்டியெறிந்து இடைவெளியை முன்பின் மாதிரிகளைக் கொண்டு நிரப்புவதுதான் பெரும்பாலும் எளிது.

செயற்கை நுண்ணறிவு இதை எல்லாம் தேவையில்லாமல் ஆக்கிவிடாதா?

எந்த மாதிரியை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானிப்பதில் அது உதவக்கூடும். இலக்கும் கிளட்டரும் ஒரே திசையில், ஒரே கோணத்தில், ஒரே டாப்ளரில் வந்தால் எந்த நிரலாலும் பிரிக்க முடியாது. அதற்கு இன்னும் ஆன்டெனா வேண்டும், அல்லது வேறு அதிர்வெண் வேண்டும்.

இந்த ரேடார்களை ஷார்ட்வேவ் ரேடியோவில் கேட்க முடியுமா?

முடியும். டூகா 1976-இலிருந்து 1989 வரை நொடிக்குப் பத்து தட்டாக உலகம் முழுக்கக் கேட்டது, அதனால் மரங்கொத்தி என்று பெயர் வாங்கியது. இன்றைய ரேடார்கள் தட்டாமல் "ர்ர்ர்" என்று ரீங்காரமிடும், கொஞ்ச நேரத்தில் வேறு இடத்துக்குத் தாவிவிடும்.

வீட்டுக் கணினியில் முயன்று பார்க்க முடியுமா?

தாராளமாக. பைத்தான் அல்லது ஆக்டேவ் போதும். அரை அலைநீள இடைவெளியில் 16 ஆன்டெனா வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கும் திசை 0 பாகை, கிளட்டர் 20 பாகையில், இரைச்சலைவிட 40 டெசிபெல் மேலே. இலக்கு இல்லாத 32 மாதிரிகளிலிருந்து மேட்ரிக்ஸ் கட்டி எடைகளைக் கணக்கிட்டால் 20 பாகையில் ஆழமான பள்ளம் தெரியும், சராசரி இழப்பு 2.6 டெசிபெல் அளவுக்கு வரும். பிறகு மாதிரிகளை 20 ஆகக் குறையுங்கள். இழப்பு 5 டெசிபெலைத் தாண்டும், சைட்லோப்கள் தாறுமாறாக எழும். மூலைவிட்டத்தில் இரைச்சல் சக்தியைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு சேர்த்தால் அவை அடங்கும்.

அப்புறம் 20 டெசிபெல் பலமுள்ள ஒரு இலக்கை மாதிரிகளுக்குள்ளேயே விட்டு, அதன் திசையை 1 பாகை தள்ளிவையுங்கள். லோடிங் இல்லாமல் ஓட்டினால் இலக்கு ஏறக்குறைய காணாமலே போயிருக்கும். லோடிங்கைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போய், இலக்கு எந்த இடத்தில் திரும்பி வருகிறது, அதற்குள் 20 பாகைப் பள்ளம் எவ்வளவு தூர்ந்துவிட்டது என்று இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள்.